ஐஸ் ராஜா

ஐஸ் போட்டால் பானம் ஏன் உடனே சில்லிடுகிறது? ஐஸ் உருகும்போது பானத்தின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. இந்தச் சுகத்தைக் கடல் கடந்து விற்றவர், பிரடெரிக் டூடர்.

1783-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தார். அங்கே குளிர்காலத்தில் ஏரி, குளங்கள் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியை வெட்டி, வெயில் நாடுகளில் விற்க நினைத்தார். ஊரார் சிரித்தார்கள்.

1806-ல் 130 டன் ஐசை மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டு போனார். அங்கே கிடங்கு இல்லை. ஐஸ் உருகியது, பணமும் கரைந்தது. கடனுக்காகச் சிறைக்கும் போனார்.

ஆனாலும் அவர் விடவில்லை. ஐசை மரத்தூளில் புதைத்துப் பாதுகாத்தார். மதுக்கடைகளுக்கு முதலில் இனாமாகக் கொடுத்தார். ருசி கண்டவர்கள், பிறகு காசு கொடுத்து வாங்கினார்கள்!

1833-ல் 180 டன் ஐஸ் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது! நகரமே வியந்தது.

சென்னைக்கும் ஐஸ் வந்தது. அதை வைக்க 1842-ல் கடற்கரையில் கட்டிய கிடங்குதான் "ஐஸ் அவுஸ்". இன்று அது விவேகானந்தர் இல்லம்.

கடனை எல்லாம் வட்டியோடு அடைத்து, பெரும் செல்வந்தர் ஆனார் டூடர். 1864-ல், 80-வது வயதில் காலமானார். சிரித்த ஊரே அவரை "ஐஸ் ராஜா" என்று அழைத்தது.