குடிநோயர்க்குத் துணை கண்ட வில்சன்

ஒருவருடைய நோயைத் தீர்க்கும் மருந்து, அதே நோயுற்ற இன்னொருவரின் வாய்ச்சொல்லிலே இருத்தல் கூடுமோ? கூடும் என்பதைத் தம் வாழ்வாலே காட்டியவர் அமெரிக்க நாட்டு வில்லியம் வில்சன். குடிநோயர் அவரைப் பில் என்னும் சிறு பெயராலேயே அறிவர்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் வெர்மொன்ற் மாநிலத்துச் சிற்றூரொன்றிலே அவர் பிறந்தார். பத்து வயதளவில் தந்தையார் குடும்பத்தைப் பிரிந்தார். தாயாரும் கல்வி கற்கப் பொஸ்ரன் நகர் சென்றார். பிள்ளையை வளர்த்தவர்கள் தாய்வழிப் பாட்டனும் பாட்டியுமே. எதிலும் முதல்வனாக வேண்டும் என்னும் வேட்கையும், தான் எவர்க்கும் வேண்டாதவன் என்னும் ஏக்கமும் அவருள்ளத்தில் ஒருங்கே வளர்ந்தன.

முதல் உலகப் போர்க் காலத்தில் இளம் படையதிகாரியாய் இருந்தபோது, விருந்தொன்றிலே அவர் மதுவருந்தத் தொடங்கினார். பிறரோடு பழகக் கூசிய அவ்விளைஞருக்கு அது தம்மைச் சூழ்ந்த வேலியைத் தகர்த்த நண்பன் போலத் தோன்றிற்று. 1918 ஜனவரி 24ஆம் நாள் லோயிஸ் அம்மையாரை மணந்தார். போருக்குப்பின் நியூயோர்க் பங்குச் சந்தையிலே பெரும்பொருள் ஈட்டினார். 1929இல் சந்தை வீழ்ந்தது, பொருள் போயிற்று, குடி மட்டும் போகவில்லை. மனைவியார் கடையொன்றில் வேலை செய்து இல்லறத்தைத் தாங்கினார்.

பலமுறை மருத்துவமனை புகுந்தும் பயனில்லை. ஆயினும் ஆங்கிருந்த சில்க்வேர்த் என்னும் மருத்துவர், குடிவெறி ஒழுக்கக்கேடு மட்டுமன்று, உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே பற்றும் நோயுமாகும் என அவருக்கு உணர்த்தினார். 1934 நவம்பரில் எபி தச்சர் என்னும் பழைய குடித்தோழர் வில்சனின் இல்லத்துக்கு வந்து, நீட்டிய மதுவை மறுத்துத் தாம் மீண்ட வரலாற்றைச் சொன்னார். அடுத்த மாதம் மருத்துவமனை சென்ற வில்சன் அதன்பின் குடித்ததில்லை.

மீண்டவர் பிறரை மீட்கப் புறப்பட்டார். ஐந்து மாதங்கள் குடியரைத் தேடித்தேடி அறிவுரை பகர்ந்தார், ஒருவரும் திருந்திலர். எனினும் அம்முயற்சியால் அவர் தாம் குடியாதிருந்தார். இவ்வுண்மையை எடுத்துக்காட்டியவர் லோயிஸ் அம்மையாரே.

1935 மே மாதம் வணிக அலுவலாக ஒகையோ மாநிலத்து அக்றன் நகருக்குச் சென்றார். எண்ணிய காரியம் தோற்றது. உடன்வந்தோர் ஊர் திரும்பினர். கையிலும் காசு குறைவு. தங்கியிருந்த விடுதியின் கூடத்திலே ஒருபுறம் மதுச்சாலை. அங்கிருந்து சிரிப்பொலி எழுந்தது. மறுபுறம் தொலைபேசி. குடிக்கக் கால் எழுந்த அவ்வேளை, தமக்கு இப்போது வேண்டியது இன்னொரு குடிநோயரே என்பதை வில்சன் உணர்ந்தார். தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துப் போதகர் ஒருவரை அழைத்தார்; அவர் தந்த பெயர்களை ஒவ்வொன்றாய் அழைத்தார். இறுதியில் ஹென்றியெற்றா சைபர்லிங் என்னும் அம்மையார், தமக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர் குடியால் அழிகின்றார் என்றார்.

அம்மருத்துவரே றொபேட் சிமித். மறுநாள் மாலை, கால்மணி நேரமே இருப்பேன் என்று வந்தவர் ஆறு மணி நேரத்துக்கு மேலாகப் பேசியிருந்தார். காரணம் யாது? வில்சன் அன்று அறிவுரை கூறவில்லை. தம் கதையையே கூறினார். தமக்கே உதவி வேண்டுமென்றார். சிமித் இடையில் ஒருமுறை வழுவினார். ஜூன் 10ஆம் நாள் இறுதியாகக் குடித்தார். அந்நாளே அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் என்னும் பெயர் வெளியிடாக் குடிநோயர் சங்கத்தின் தோற்ற நாளாகக் கொள்ளப்படுகிறது.

இருவரும் மருத்துவமனை சென்று மூன்றாமவரைக் கண்டனர். பின்னர் வீடுகளிலே கூட்டங்கள் நிகழ்ந்தன. 1939இல் சங்கத்தின் நூல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே வில்சன் தம்பதியர் கடனால் வீட்டை இழந்தனர். சங்கமோ வளர்ந்தது. இன்று ஏறக்குறைய 180 நாடுகளில் அதன் கூட்டங்கள் உள்ளன. கட்டணமில்லை, குடியை விடும் விருப்பமே தகுதி. வருவோர் முதற்பெயர் மட்டுஞ் சொல்லலாம்; பேச விரும்பாதார் கேட்டிருக்கலாம். குடும்பத்தினர்க்கென லோயிஸ் அம்மையார் 1951இல் அல்-அனோன் என்னும் அமைப்பையும் நிறுவத் துணைநின்றார்.

வில்சன் குறையற்றவர் அல்லர். உள்ளச்சோர்வு அவரைப் பல்லாண்டு வருத்தியது. புகைப்பழக்கம் நுரையீரலை அழித்தது. நோய்ப்படுக்கையிலே அவர் மதுக் கேட்டதும் உண்டு, கொடுக்கப்படவில்லை. இதனால் அவர் புகழ் குன்றாது. முப்பத்தாறு ஆண்டுகள் எத்துணை வலிய பகையை அவர் எதிர்த்து நின்றார் என்பதே விளங்கும். 1954இல் யேல் பல்கலைக்கழகம் வழங்க முன்வந்த பட்டத்தையும் அவர் ஏற்கவில்லை. 1971 ஜனவரி 24ஆம் நாள், தம் திருமண நாளிலேயே காலமானார். அவர் கல்லறைக் கல்லிலே சங்கத்தின் பெயர் இல்லை.

ஆசிரியர்களே, மாணாக்கர்களே! கள்ளுண்ணாமை அதிகாரத்தை நாம் படிப்பிக்கும் வகுப்பிலும், இரவு முழுதும் தந்தையின் வரவுக்கு அஞ்சி விழித்திருந்த பிள்ளை இருத்தல் கூடும். குடிப்பவரை இகழ்தல் எளிது. நாணம் அவரை மேலும் மறைவுக்கே துரத்தும். நெடுங்காலங் குடித்தவர் திடீரென நிறுத்துதல் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலின் முதலில் மருத்துவரை நாடுக. அடுத்து, அத்துன்பத்தைக் கடந்தோர் கூடுமிடத்தை உசாவி அறிக. முதல்நாள் வாயில்வரை உடன் செல்லவும் ஒருவர் வேண்டும். அவ்வொருவராய் நாம் இருத்தல் ஆகாதோ?