ஆட்குறைப்பும் சிங்காரவேலரும்

வேலை போகப்போகிறது என்ற பேச்சு எழுந்த அன்றே தொழிலாளியின் தூக்கம் போய்விடுகிறது. எடுபடப்போவது தன் பெயரா, பக்கத்துப் பட்டறைக்காரன் பெயரா? அந்நேரத்தில் அருகில் நின்று வழி சொல்ல ஒருவர் வேண்டும். 1928-இல் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளரிடம் அப்படி வந்து நின்றவர் 68 வயதுக் கிழவர், சிந்தனைச் சிற்பி ம. சிங்காரவேலர்!

சென்னை மீனவர் குடும்பத்தில் 1860 பிப்ரவரி 18-இல் பிறந்தார். வக்கீலாகப் பேரும் பொருளும் ஈட்டினார். 1921-இல் ஒத்துழையாமை இயக்கம் அழைத்ததும் அத்தொழிலை உதறினார். 1923-இல் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவரும் அவரே. இவை தோழர்கள் அறிந்த செய்திகள். நாம் சொல்லவந்தது ரயில்வேப் பட்டறையின் கதை.

நாகப்பட்டினம் முதலிய இடங்களிலிருந்த பட்டறைகளைப் பொன்மலையில் ஒரே பட்டறையாக்க வெள்ளைக் கம்பெனி முடிவு செய்தது. 3,000-க்கு மேற்பட்டோர் வேண்டாதவராயினர்! யாரை வைப்பது, யாரை அனுப்புவது? தொழில் தேர்வு வைத்துப் பொறுக்குவோம் என்றது கம்பெனி. இருபது ஆண்டு சுத்தியல் பிடித்த கைக்குப் பரீட்சையாம்! தேறியவன் தேறாதவனைத் திரும்பிப் பார்க்கமாட்டான். சூழ்ச்சியின் உயிர்நாடி அதுதான். தொழிலாளர்கள் தேர்வுக்கு உட்கார மறுத்தனர். கம்பெனி பட்டறைகளைப் பூட்டியது. ஜூலையில் ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் மூண்டது.

பேரன் பேத்தியோடு வீட்டில் இருக்கவேண்டிய வயதில் சிங்காரவேலர் முகுந்தலால் சர்க்காரோடு தொழிலாளரிடையே நின்று பேசினார். தேர்வு எழுதப் பயந்தவனுக்கும், தேறிவிடுவோம் என்று நம்பியவனுக்கும் பொதுவான போராட்டமாயிற்று அது. அடக்குமுறை பாய்ந்தது. சுமார் பத்து நாளில் வேலைநிறுத்தம் முறிந்தது. தோல்விதான், மறைப்பானேன்? வேலையிழந்து வீடு திரும்பியோர் பலர். கிழவருக்குக் கிடைத்ததோ பத்தாண்டுக் கடுஞ்சிறை! மேல்முறையீட்டில் அது 18 மாதமாகக் குறைந்தது. 1930-இல் வெளியே வந்தார். வந்தவர் ஓய்ந்தாரா? பேனாவைக் கையிலெடுத்து மூடநம்பிக்கையைச் சாடினார். 1945-இல் தள்ளாத உடம்போடு அச்சுத் தொழிலாளர் மாநாட்டுக்கும் வந்தார்.

1946 பிப்ரவரி 11-இல் அவர் மறைந்தார். ஆட்குறைப்புக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான கூலி, வேலை செய்த ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் கூலி நட்ட ஈடு, கடைசியில் சேர்ந்தவரே முதலில் போகவேண்டும் என்ற வரிசை ஆகியவை தொழில் தகராறுச் சட்டத்தில் ஏறியது 1953-இல்தான். பொன்மலைப் பரீட்சைக்கு மறுத்து வேலையிழந்தவர்களுக்கு அது 25 ஆண்டு பிந்தி வந்தது.