பனிமலை மூடிய வீரர்

1916-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சரிவு ஆஸ்திரியப் போர் வீரர்களை மூடிவிட்டது. அவர்களை மீட்க ஒருவர் விரைந்தார். அடுத்த பனிச்சரிவு அவரையே அமுக்கியது!

அவர்தான் மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி. 3 நாட்களுக்கு முன்புதான் அவருக்கு 60 வயது நிறைந்திருந்தது.

சறுக்குக் கட்டை

ஸ்தார்ஸ்கி 1856-ல் மொராவியாவில் பிறந்தார். நான்சென் என்பவர் சறுக்குக் கட்டைகளில் கிரீன்லாந்தைக் கடந்த கதையைப் படித்தார். உடனே நார்வேயில் இருந்து கட்டைகளை வரவழைத்தார். ஆனால் அவை செங்குத்தான மலைக்கு உதவவில்லை. கட்டையைக் குட்டையாக்கினார், காலைப் பிணைக்கும் இரும்புப் பிடியையும் புதிதாகச் செய்தார். காசு வாங்காமல் ஊராருக்குக் கற்றுக்கொடுத்தார்.

வெயிலும் எதிரி

பனிமலையில் வசந்தகால வெயில் இதமானது, ஆபத்தும் அதுவே. விடியற்காலையில் கல்லாக இறுகிக் கிடக்கும் பனி, உச்சிவெயிலில் நீர் ஊறி இளகும். பிடிப்பு விட்டதும் மலைச்சரிவே பெயர்ந்து வரும். அதனால் மலையேறுவோர் இருட்டிலேயே புறப்பட்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவார்கள்.

மீண்டும் எழுந்தார்

ஸ்தார்ஸ்கியை வெளியே எடுத்தபோது, ஏறத்தாழ 80 இடங்களில் எலும்பு முறிவும் மூட்டு விலகலும் இருந்தன. அவர் மனம் தளரவில்லை. விடாமல் உடற்பயிற்சி செய்தார். மறுபடியும் பனியில் சறுக்கினார்! பட்ட அனுபவத்தைப் பிறருக்கும் பயன்படுத்தினார். பனிச்சரிவைப் பற்றி 1929-ல் ஒரு நூல் எழுதினார்.

1940-ல், 84-வது வயதில் அவர் காலமானார். பனியால் அவரை முடக்க முடியவில்லை.