ஒரே ராத்திரியில் ஒரு நாடகம்!

குட்டீஸ்! திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில், விடிய விடியக் கூத்து பார்த்திருக்கிறீர்களா? சினிமா வருவதற்கு முன்பு, ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டு நாடகம் நடத்திய கம்பெனிகளும் நிறைய இருந்தன. அந்தக் கம்பெனிக்காரர்களுக்கெல்லாம் வாத்தியார், சங்கரதாஸ் சுவாமிகள்!

தூத்துக்குடியில் 1867-ல் பிறந்தவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 24-வது வயதில் அதை உதறிவிட்டு, நாடகத்துக்கு வந்துவிட்டார்.

எமன், சனீஸ்வரன், இரணியன்... எல்லாம் பயங்கர வேஷங்கள்! ஒருநாள் விடியற்காலையில், சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனாராம். அரையிருட்டில் அவரைப் பார்த்த ஒரு பெண், பயத்தில் விழுந்து உயிரையே விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். சுவாமிகள் மனம் உடைந்துபோனார். அதன்பின் நடிப்பதை விட்டு, நாடகம் எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தார்.

பெரிய நடிகர்களோடு ஒரே ரோதனை! எழுதிக் கொடுத்ததைப் பேசாமல், மேடையிலேயே வாய்ச்சண்டை போடுவார்கள். சின்னப் பையன்கள் என்றால் சொன்னபடி கேட்பார்களே என்று நினைத்தார் சுவாமிகள்.

1918. இன்ஃபுளுயன்சா காய்ச்சல் உலகத்தையே ஆட்டிவைத்த வருஷம். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த வருஷத்தில்தான், மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' என்ற பையன்கள் கம்பெனியைத் தொடங்கினார். உங்களைவிடச் சின்னப் பிள்ளைகள்கூட அதில் உண்டு. பிற்காலத்தில் 'அவ்வை சண்முகம்' என்று புகழ்பெற்ற டி.கே.சண்முகம் சேர்ந்தபோது, அவருக்கு 6 வயது! சாப்பாடு, தூக்கம், பாட்டுப் பாடம் எல்லாம் கம்பெனி வீட்டில்தான். பெண் வேஷமும் பையன்களே போடவேண்டும். ஒரு ஊரில் நாடகம் முடிந்ததும், திரைச்சீலை, பெட்டி படுக்கையோடு அடுத்த ஊர். ஜாலியான வாழ்க்கை என்று நினைக்காதீர்கள். வீட்டு ஏக்கத்தில் அழாத பையன் இருந்திருப்பானா?

அந்தச் சிறுவன் சண்முகம் நடிப்பதற்காக, 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுத, ஒருநாள் இரவு விளக்கு முன்னால் உட்கார்ந்தார் சுவாமிகள். பொழுது விடிந்தபோது நூற்றுக்கும் அதிகமான பாடல்கள், வசனம் எல்லாம் தயார். நடித்தால் 4 மணி நேரம் ஓடும்!

1921-ல் பக்கவாதம் தாக்கியது. கை, கால் முடங்கி, பேச்சும் போய்விட்டது. அப்படியும் பையன்களைப் பிரியவில்லை; கம்பெனி போன ஊருக்கெல்லாம் கூடவே போனார். 1922 நவம்பர் 13 அன்று, புதுச்சேரியில் காலமானார்.

அவருடைய 'வள்ளி திருமணம்' நாடகம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கிறது.