புலவரும் புரவலரும்: உமறுப் புலவர் வாழ்க்கை

நம் வீட்டுப் பெரியவர்களிடம் உமறுப் புலவர் என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடம்தான். 1946இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய அந்தத் தமிழ்ப் பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982 வரை நடந்தது. அதில் படித்தவர்கள் இன்று தாத்தா, பாட்டிகள். பேரப்பிள்ளைகளுக்கோ அது ஒரு தமிழ் மொழி நிலையத்தின் பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் யார், அவரை யார் ஆதரித்துக் காப்பியம் எழுத வைத்தார்கள் என்ற கதையை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

உமறு 1642இல் பிறந்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தந்தையார் வாசனைத் திரவிய வணிகர் என்பர். குடும்பம் எட்டயபுரத்தில் நிலைத்தது. அங்கே அரண்மனைப் புலவராக இருந்த கடிகைமுத்துப் புலவரிடம் உமறு தமிழ் கற்றார். வடக்கிலிருந்து வாதுக்கு வந்த வாலைவாருதி என்னும் புலவரைத் தம் ஆசிரியருக்குப் பதிலாக எதிர்கொண்டு வென்றபோது அவருக்கு வயது 16 என்பது மரபு. அந்த வெற்றியைச் சுற்றிப் பல அற்புதக் கதைகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டாலும் ஒன்று நிற்கிறது. தமிழ் கற்ற ஒருவனுக்கு அன்று பிழைப்புக்கான வழி அரசவை வாதுதான். வென்றால் பரிசும் பெயரும் கிடைக்கும். தோற்றால் ஊரை விட்டே போகவேண்டியதுதான். பிற்காலத்தில் ஆசிரியர் வகித்த இடமே உமறுவுக்குக் கிடைத்தது.

அரண்மனைப் பதவி சோறு போட்டது. ஆனால் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழில் பெருங்காப்பியமாகப் பாட அது போதாது. அதற்கு வேறொருவர் வந்தார். அவர்தான் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. சேகு அப்துல் காதிர் மரைக்காயர் என்பது இயற்பெயர். கடல் வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். இராமநாதபுரம் கிழவன் சேதுபதிக்கு வேண்டியவர். இந்துப் புலவர், முஸ்லிம் புலவர் என்று பாராமல் அள்ளிக் கொடுத்தவர். அவர் மறைந்த பிறகு வந்த ஒரு புலவருக்கு அடக்கத்தலத்திலிருந்தே மோதிரம் கிடைத்தது என்று கதை கட்டும் அளவுக்கு அவர் கொடை மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

நபிகளாரின் வரலாற்றைத் தமிழில் பாடுமாறு உமறுவிடம் கேட்டவர் சீதக்காதி. பொருள் தந்தால் மட்டும் அது நடக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆதாரங்கள் எல்லாம் அரபியில் இருந்தன. ஆலிம் ஒருவர் உடனிருந்து விளக்கினால்தான் புலவர் பிழையின்றிப் பாட முடியும். ஆகவே உமறுவைக் கீழக்கரையின் மாபெரும் அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் அனுப்பினார்.

அப்பா முதலில் மறுத்துவிட்டார். அரண்மனைப் புலவரின் உடையிலும் தோற்றத்திலும் வந்து நின்றவரிடம் நபிகளாரின் சரித்திரத்தை ஒப்படைக்க அவருக்கு மனம் வரவில்லையாம். உமறு மனம் உடைந்து பள்ளிவாசலில் தங்கினார். நபிகளார் கனவில் தோன்றினார்கள். அதன் பிறகு அப்பா இசைந்தார் என்று நம் முன்னோர் சொல்லி வந்திருக்கிறார்கள். கனவைப் பற்றி நான் விவாதிக்க வரவில்லை. பெரிய வேலை ஒன்றைக் கையில் எடுத்த அறிஞர் முதல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதும், மறுபடி போய் நின்றதும்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்று உதவித்தொகைக்கு விண்ணப்பித்து மறுப்புக் கடிதம் வாங்கிய பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு அல்லவா?

பிறகு உமறு பரங்கிப்பேட்டைக்குச் சென்று, லெப்பை அலி ஹாஜியாரிடம் அரபு நூல்களின் செய்திகளைக் கேட்டுப் பாடத் தொடங்கினார். எட்டயபுரத்துக்காரர் சோழமண்டலக் கடற்கரையில் போய் இருந்து எழுதினார் என்றால், உணவும் இடமும் ஓலையும் யாரோ கொடுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் இடி விழுந்தது. காப்பியம் முடிவதற்குள் சீதக்காதி மறைந்துவிட்டார்.

பாதியில் நின்ற நூல்கள் தமிழில் எத்தனையோ உண்டு. சீறாப்புராணமும் அவற்றில் ஒன்றாகி இருக்கலாம். அப்படி ஆகாமல் காத்தவர் பரங்கிப்பேட்டை வணிகர் அபுல் காசிம் மரைக்காயர். புலவரைத் தாமே ஏற்று ஆதரித்தார். நூல் அரங்கேறவும் துணை நின்றார். நூலின் பல இடங்களில் அவர் பெயரை உமறு நன்றியோடு வைத்துப் பாடியிருக்கிறார். சடையப்ப வள்ளலைக் கம்பர் பாடிய வழக்கம்தான் இது.

ஆனால் சீதக்காதியின் பெயர் சீறாப்புராணத்தில் எங்கும் இல்லை. கேட்டு எழுதவைத்தவரை உமறு மறந்துவிட்டாரா என்று சிலர் குறைபட்டதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீதக்காதி திருமண வாழ்த்து என்ற நூலை உமறு தனியாகவே பாடியிருக்கிறார். காப்பியம் முடிந்தபோது கை கொடுத்து நின்றவர் அபுல் காசிம். நூலில் அவர் பெயர் வருவது நியாயம்தான். வேடிக்கை என்னவென்றால், நூலில் பெயர் இல்லாத சீதக்காதியை ஊர் முழுக்கத் தெரியும். நூல் நெடுகப் பெயர் உள்ள அபுல் காசிமை என் பிள்ளைகளுக்கு நானே அண்மையில்தான் சொல்லிக் கொடுத்தேன்.

சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று 3 காண்டங்கள், 92 படலங்கள், 5027 பாடல்கள் கொண்டது. பெருமானாரின் வாழ்க்கை முழுவதும் அதில் வரவில்லை. ஹிஜ்ரத்துக்குப் பிந்திய சில ஆண்டுகளோடு நின்றுவிடுகிறது. மீதியைக் காயல்பட்டினம் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா என்ற பெயரில் பாடி நிறைவு செய்தார். உமறு 88 பாடல்களில் முதுமொழிமாலை என்ற நூலும் பாடினார். 1703இல் காலமானார் என்பர். எட்டயபுரத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்.

அதன் பிறகும் காப்பியம் ஏடுகளில்தான் கிடந்தது. செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம், நாம் புலவர் நாயகம் என்று போற்றுபவர், அதை 1842இல் அச்சேற்றினார். ஏடுகளைத் தேடிச் சேர்த்து, ஒப்பிட்டுத் திருத்தி அச்சிடுவதும் ஓர் அறிஞரின் பல ஆண்டு உழைப்பே.

நூறு ஆண்டுகள் கழித்து, போர் முடிந்த கையோடு, தஞ்சோங் பகாரில் ஒரு பள்ளி தொடங்கி அதற்குப் பெயர் தேடிய நம் ஊர்க்காரர்கள், கொடை கொடுத்தவர் பெயரை வைக்கவில்லை. புலவரின் பெயரை வைத்தார்கள்.