எதையும் கேட்காத தலைவர்: மௌலானா அபுல் கலாம் ஆசாத் (ரஹ்)



மௌலானா ஆசாத் யார் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் என்பதோடு பதில் முடிந்துவிடும். அந்தப் பதவிக்கு முன்னால் அந்த ஆலிம் கொடுத்த விலை என்ன என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

1888-ல் புனித மக்காவில் பிறந்தார். தந்தை மௌலானா கைருத்தீன் பெரும் மார்க்க அறிஞர். தாயார் அரபுப் பெண்மணி. சிறு வயதிலேயே குடும்பம் கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. அரபியும் பாரசீகமும் மார்க்கக் கல்வியும் வீட்டிலேயே கற்றார். 1912-ல் ‘அல்ஹிலால்’ என்ற உருது வார இதழைத் தொடங்கியபோது அவருக்கு வயது 23 தான். ஆங்கில அரசு 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டுப் பறித்துக்கொண்டது. பிறகு 10,000 ரூபாய் கேட்டு அதையும் பறித்தது. இதழ் நின்றது, பேனா நிற்கவில்லை. 1916-ல் வங்காளத்தை விட்டு வெளியேற்றி ராஞ்சியில் காவலில் வைத்தார்கள். அங்கேயும் ஒரு மதரஸாவை உருவாக்கினார்.

அன்பானவர்களே! 1942 ஆகஸ்டில் அவர் காங்கிரஸ் தலைவர். வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேற்ற பம்பாய்க்குப் புறப்பட்டார். உடல் நலமில்லாத துணைவியார் ஜுலைகா பேகம் வாசல் வரை வந்து வழியனுப்பினார். ஆகஸ்ட் 9 அதிகாலையில் மௌலானா கைது செய்யப்பட்டு அஹ்மத்நகர் கோட்டையில் அடைக்கப்பட்டார்.

1943-ல் துணைவியாரின் நிலைமை மோசமாகிவிட்டதாகச் சிறைக்குச் செய்தி வந்தது. அரசிடம் ஏதாவது கேட்க விரும்பினால் உடனே அனுப்பி வைப்பதாகச் சிறை அதிகாரி தெரிவித்தார். யோசித்துப் பாருங்கள், நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? நாட்டை அடிமைப்படுத்தியவர்களிடம் தனக்கென்று கேட்பதற்கு எதுவுமில்லை என்று சொல்லிவிட்டார் மௌலானா. ஏப்ரலில் அந்த அம்மையார் வஃபாத்தானார்கள். கணவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் வாய்ப்புக்கூட இல்லை.

1945 ஜூனில் விடுதலையாகிக் கல்கத்தா வந்தபோது, வரவேற்றவர்கள் மாலைகளால் காரை நிரப்பிவிட்டார்கள். மௌலானா காரைக் கப்ருஸ்தானுக்குத் திருப்பச் சொன்னார். அந்த மாலைகளில் ஒன்றை மனைவியின் கப்ரில் வைத்து, மௌனமாக ஃபாத்திஹா ஓதினார். அதன் பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

1947-ல் நாடு பிரிந்தது. டெல்லி இரத்தத்தில் மிதந்தது. ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் ஹுமாயூன் கல்லறையிலும் பழைய கோட்டையிலும் தஞ்சம் புகுந்தார்கள். பலர் மூட்டை கட்டி நின்றார்கள். அந்த அக்டோபரில் டெல்லி ஜாமிஆ மஸ்ஜிதில் மௌலானா பேசினார். பயந்து ஓடாதீர்கள், இது உங்கள் மண் என்பதே அவர் பேச்சின் சாரம். பிரிவினையைக் கடைசி வரை எதிர்த்தவர் அவர். அதற்காகச் சொந்த சமுதாயத்திலேயே ஏச்சும் பேச்சும் வாங்கியவர். தனக்காக எதையும் கேட்டிராத அந்த மனிதரின் வார்த்தைக்கு எடை இருந்தது. எத்தனையோ பேர் கட்டிய மூட்டையை அவிழ்த்தார்கள்.

பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் கல்வி அமைச்சராக இருந்தார். முதல் ஐ.ஐ.டி.யும் பல்கலைக்கழக மானியக் குழுவும் அவர் காலத்தில்தான் வந்தன. 1958 பிப்ரவரி 22 அன்று வஃபாத்தாகி, அதே ஜாமிஆ மஸ்ஜிதுக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

சகோதரர்களே! இந்த நாட்டில் நாம் வாழ்வது யாரும் போட்ட பிச்சையல்ல. இப்படிப்பட்டவர்கள் தங்கள் வாழ்வைக் கொடுத்து உறுதிசெய்த உரிமை. இன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது இந்த வரலாற்றை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வல்ல அல்லாஹ் மௌலானா அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! அவர்களின் பொறுமையையும் தன்மானத்தையும் நமக்கும் தருவானாக! ஆமீன்.