உலகப் பட்டம் வென்றும் ‘கேடி’ பேர் போகவில்லை! குத்துச்சண்டை வீரர் லிஸ்டனின் சோகக் கதை

விழுப்புரம் ஆனாலும் சரி, திண்டிவனம் ஆனாலும் சரி, போலீசின் ‘கேடி’ பட்டியலில் ஒருவன் பேர் ஏறிவிட்டால் இறங்குவது கஷ்டம். எங்கே பூட்டு உடைந்தாலும் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். திருந்தி உழைத்தாலும் ஊர் நம்பாது.

உலகத்தையே அடித்து ஜெயித்த ஒருவருக்கும் இதே கதிதான் ஏற்பட்டது. அவர் பேர் சன்னி லிஸ்டன். அமெரிக்கக் கருப்பின வீரர். 1962 முதல் 1964 வரை ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் உலக சாம்பியன்.

முகமது அலியை நம்ம ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, 1980-ல் அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார். அந்த அலி முதன்முதலில் உலகப் பட்டத்தைப் பறித்தது இந்த லிஸ்டனிடம் இருந்துதான்.

அலிக்குப் புகழ் கிடைத்தது. லிஸ்டனுக்குப் பழிதான் மிஞ்சியது.

பிறந்த தேதி தெரியாது

லிஸ்டன் பிறந்தது ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு பருத்திக் காட்டுப் பக்கம். அப்பா வாரத்துக்குப் பயிர் செய்தவர். வீடு நிறையப் பிள்ளைகள். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. 1932 என்று கணக்கு சொன்னார்கள். அதையும் பலர் நம்பவில்லை.

பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா அடித்த அடியின் தழும்பு மட்டும் உடம்பில் கடைசி வரை இருந்தது.

அம்மா பிழைப்பு தேடி செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனார். பையனும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தான். வேலை கிடைக்கவில்லை. கூட்டாளிகள் கிடைத்தார்கள். பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை என்று வழிப்பறி. 1950-ல் பிடிபட்டார். 5 ஆண்டு ஜெயில்.

பாதிரியார் கொடுத்த கையுறை

ஜெயிலில் இருந்த கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் இந்த முரட்டு ஆளைப் பார்த்தார். கையில் பாக்சிங் கையுறையை மாட்டிவிட்டார். லிஸ்டனின் முஷ்டியின் சுற்றளவு 15 அங்குலம்! ஜெயிலில் அவரை எதிர்த்து நிற்க ஆள் இல்லை.

1952-ல் பரோலில் வெளியே வந்தார். 1953 செப்டம்பரில் தொழில்முறைச் சண்டையில் இறங்கினார். முதல் சண்டையே முதல் ரவுண்டில் முடிந்தது.

ஆனால் பழைய சகவாசம் விடவில்லை. அவரை வைத்து ஆட்டம் நடத்தியவர்கள் பிராங்கி கார்போ, பிளிங்கி பலெர்மோ போன்ற தாதாக்கள். போலீஸ்காரர் ஒருவரைத் தாக்கியதாக 1956-ல் மறுபடி வழக்கு. மறுபடி உள்ளே போனார்.

லிஸ்டன் உத்தமர் அல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை.

வரவேற்க ஆள் இல்லை

1962 செப்டம்பர் 25. சிகாகோவில் சாம்பியன் பிளாய்டு பேட்டர்சனுடன் மோதினார். 2 நிமிடம் 6 விநாடி. பேட்டர்சன் அவுட்! லிஸ்டன் உலக சாம்பியன்.

அப்போது அவர் குடியிருந்த ஊர் பிலடெல்பியா. விமான நிலையத்தில் கூட்டம் திரண்டிருக்கும் என்று நினைத்தார். என்ன பேசுவது என்றுகூட மனதில் தயார் செய்துகொண்டு வந்தார். இறங்கிப் பார்த்தால் நகரசபையில் இருந்து ஒருத்தரும் இல்லை. மாலை இல்லை, கூட்டம் இல்லை. முகம் சுண்டிப்போய் வீட்டுக்குப் போனார்.

1963-ல் பேட்டர்சனை மறுபடியும் முதல் ரவுண்டிலேயே சாய்த்தார். அப்போதும் பேர் மாறவில்லை.

1964 பிப்ரவரி 25-ல் மயாமியில் அலியுடன் மோதல். அன்று அலியின் பேர் கேசியஸ் கிளே. பந்தயக்காரர்கள் லிஸ்டன் பக்கம் ஒன்றுக்கு ஏழு என்று கட்டினார்கள். ஆனால் 7-வது ரவுண்டுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் ஸ்டூலை விட்டு எழவில்லை. தோளில் அடி என்றார்கள். பட்டம் போனது.

எண்ணியது யார்?

மறு போட்டி 1965 மே 25-ல் நடந்தது. இடம் மெய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற சின்ன ஊர். பார்க்க வந்தவர்கள் 2,434 பேர்தான்.

முதல் ரவுண்டு. அலி வலது கையால் ஒரு குத்து விட்டார். கண்மூடித் திறப்பதற்குள் லிஸ்டன் தரையில்! குத்தைப் பார்க்கவே இல்லை என்று பல பேர் சத்தம் போட்டார்கள்.

ஒருவர் விழுந்தால் அடித்தவர் தள்ளி மூலைக்குப் போக வேண்டும். அதன் பிறகுதான் நடுவர் எண்ண வேண்டும். இது விதி. அலி போகவில்லை. விழுந்தவரின் தலைமாட்டில் நின்று கத்தினார். நடுவர் முன்னாள் சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட். அவர் அலியைத் துரத்துவதிலேயே இருந்தார். கீழே கிடந்தவருக்கு எண்ணவே இல்லை.

லிஸ்டன் எழுந்தார். சண்டை மறுபடி ஆரம்பித்தது. அந்த நேரத்தில் மேடைக்குக் கீழே இருந்து ஒரு குரல். குத்துச்சண்டைப் பத்திரிகை ஆசிரியர் நாட் பிளைஷர். எண்ணிக்கை 10-ஐத் தாண்டிவிட்டது என்றார். அவருக்குப் போட்டியில் எந்தப் பொறுப்பும் கிடையாது.

நடுவர் இரண்டு பேரையும் அடித்துக்கொள்ள விட்டுவிட்டு ஓரத்துக்குப் போய் விசாரித்தார். திரும்பி வந்து ஆட்டத்தை நிறுத்தினார். அலி ஜெயித்தார் என்று கையைத் தூக்கினார். சண்டை 1 நிமிடத்தில் முடிந்தது என்று அறிவித்தார்கள். படச்சுருளைப் போட்டுப் பார்த்தால் 2 நிமிடத்துக்கும் மேல்!

தப்பு செய்தது நடுவர். விதியை மீறியது அலி. ஆனால் பழி விழுந்தது லிஸ்டன் மேல். காசு வாங்கிக்கொண்டு விழுந்துவிட்டார் என்று ஊரே பேசியது. அதற்கு ஆதாரம் ஒன்றும் வெளிவரவில்லை. வழக்கும் இல்லை. பழைய கேடி, அதனால் இதையும் செய்திருப்பான் என்பதுதான் கணக்கு.

நம்ம இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் கதை தெரிந்ததுதான். ஆடும்போது கழன்ற சிலம்பைக் கடுவெளிச் சித்தர் எடுத்து, நாட்டியக்காரியின் காலில் மாட்டினார். விவரம் தெரியாத கூட்டம் கேலி செய்தது. சித்தர் மனம் நொந்ததில் லிங்கமே வெடித்தது என்பார்கள். லிஸ்டன் சித்தர் இல்லை. ஆனால் கூட்டம் அதே கூட்டம்தான்.

மர்மச் சாவு

அதன் பிறகும் லிஸ்டன் 5 ஆண்டு சண்டை போட்டார். 1970 ஜூனில் நடந்த கடைசிச் சண்டையிலும் ஜெயித்தார். ஆனால் உலகப் பட்டத்துக்கு யாரும் அவரை மறுபடி கூப்பிடவில்லை.

1971 ஜனவரி 5. வெளியூர் போயிருந்த மனைவி ஜெரால்டின் லாஸ் வேகாஸ் வீட்டுக்குத் திரும்பினார். கணவர் பிணமாகக் கிடந்தார். இறந்து சில நாள் ஆகியிருந்தது. வீட்டில் ஹெராயின் இருந்தது. கையில் ஊசி குத்திய அடையாளம் இருந்தது. இயற்கை மரணம் என்று முடித்தார்கள். கொலை என்று சொல்பவர்கள் இன்றைக்கும் உண்டு.

லாஸ் வேகாசில் அவர் கல்லறை இருக்கிறது. அதில் சாம்பியன் என்று எழுதவில்லை. பேருக்கும் வருஷத்துக்கும் கீழே, ஒரு மனிதன் என்று மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.

உயிரோடு இருந்தபோது ஊர் கொடுக்காத பேர் அது.